மீந்த கறியில் பூரணக் கொழுக்கட்டை... மைதா வேண்டாம், மாவும் குறைவு!

ஞாயிற்றுக்கிழமை என்றால் நம்ம பக்கத்தில் பாதி வீடுகளில் கறிதான். பாரிவாக்கமோ, பூந்தமல்லியோ, ஆவடியோ, அம்பத்தூரோ... காலையிலேயே கறிக்கடை வாசலில் கூட்டம். மதியம் குழம்பு, சுக்கா, ரசம் என்று சாப்பாடு. சாயங்காலம் சட்டியின் அடியில் நாலைந்து துண்டு மிஞ்சும். "என்ன பண்றது?" என்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். அதே நேரம் பிள்ளைகள் பேக்கரியில் கறி சமோசாவும் முட்டை பப்ஸும் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். வீட்டில் கறி வீணாகிறது. வெளியே காசு கொடுத்து மைதாவை வாங்குகிறோம்!

அந்த மீந்த கறியை உள்ளே வைத்து, மைதா இல்லாமல், மாவுச்சத்தும் குறைவாக ஒரு பலகாரம் செய்வது எப்படி? இந்த வாரப் பாடம் அதுதான். செய்முறைக்கு முன்னால் மூன்று விஷயங்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். இவை தெரியாமல் செய்தால் பலகாரம் நன்றாக வரும், பலன் வராது.

கோதுமை இல்லாதது வேறு, மாவுச்சத்து குறைந்தது வேறு

மதுமேகத்துக்கு என்னிடம் மருந்து சாப்பிடும் ஓர் அம்மா ஒருநாள் சொன்னார்: "வைத்தியர் ஐயா, மைதாவைத் தொட்டே மூணு மாசமாச்சு. சாயங்காலத்துல கேழ்வரகுக் கொழுக்கட்டைதான். ஆனா சுகர் இறங்க மாட்டேங்குதே!"

"எத்தனை சாப்பிடுவீங்கம்மா?" என்று கேட்டேன்.

"அது என்னங்கய்யா, சத்தான பொருள்தானே... ஒரு ஆறு."

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கொழுக்கட்டைக்கு 25 கிராம் கேழ்வரகு மாவு என்று வைத்தாலும் அதில் மாவுச்சத்து சுமார் 17 கிராம். ஆறு கொழுக்கட்டை என்றால் 100 கிராம்! அவர் விட்டுவிட்ட பப்ஸில் 40 கிராம் மைதா இருந்திருந்தால்கூட மாவுச்சத்து 30 கிராம்தான். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து உண்டு, நார் உண்டு, நல்ல தானியம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தானியம் தானியம்தான்.

100 கிராம் மாவில் மாவுச்சத்து ஏறத்தாழ எவ்வளவு என்று பாருங்கள்.

பச்சரிசி மாவு – 78 கிராம்
மைதா – 74 கிராம்
கேழ்வரகு – 67 முதல் 72 கிராம்
கம்பு – 62 முதல் 67 கிராம்
தினை – 61 கிராம்
கடலை மாவு – 58 முதல் 60 கிராம்
நிலக்கடலை – 20 கிராமை ஒட்டி
முட்டை, கறி, மீன் – அநேகமாக இல்லை

பட்டியலில் அரிசி முதல் கடலை மாவு வரை எல்லாமே கிட்டத்தட்ட ஒரே தெருதான். நிலக்கடலைக்கு வரும்போதுதான் ஊரே மாறுகிறது!

இது வெறும் சமையலறைக் கணக்கு இல்லை. நம் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு, 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அரிசி, மைதாவுக்குப் பதில் முழு கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றிப் போட்டதால் மட்டும் நோய் வரும் வாய்ப்பு குறையவில்லை. மாவின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பயறு, பால், முட்டை, மீன் இவற்றின் புரதத்தை வைத்தபோதுதான் குறைவு தெரிந்தது.

அந்தப் பட்டியலில் ஆட்டுக்கறி இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆகவே இந்தப் பலகாரத்துக்காகத் தனியாகக் கறி வாங்க வேண்டாம். மீந்ததை வைத்துச் செய்யுங்கள். 200 கிராம் கறி எட்டுக் கொழுக்கட்டைக்குப் பிரிகிறது. ஒன்றுக்கு 25 கிராம்தான். மீதி வேலையை நிலக்கடலையும் முட்டையும் பார்த்துக்கொள்ளும்.

கோதுமை யாருக்கு ஆகாது?

கோதுமை, மைதா, ரவை, பார்லி இவற்றில் குளூட்டன் என்ற பசைப் புரதம் இருக்கிறது. சிலருக்கு அது சிறுகுடலின் உள்சுவரையே அரித்துவிடும். அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். தீராத பேதி, வயிற்று உப்பிசம், மருந்து சாப்பிட்டும் ஏறாத ரத்தச் சோகை, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத குழந்தை... இப்படிப் பல வேஷத்தில் வரும். ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே என்பவர்தான் கோதுமையையும் இந்த நோயையும் இணைத்துக் காட்டினார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அங்கே ரொட்டி கிடைக்கவில்லை. மற்றக் குழந்தைகள் வாடியபோது, இந்த நோய் இருந்த குழந்தைகள் தேறினார்களாம்!

நம் நாட்டில் இது வடக்கேதான் அதிகம். 2016-ல் வந்த ஓர் ஆய்வில் வட இந்தியாவில் 100-க்கு ஒருவருக்குச் சற்று மேல். தென்னாட்டில் 1000-க்கு ஒருவர். அரிசி சாப்பிடும் நமக்குக் குறைவுதான். ஆனால் 1000-க்கு ஒருவர் என்பது இல்லை என்பதாகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "எனக்குக் கோதுமை ஒத்துக்கலை" என்று நீங்களாகவே முடிவு கட்டி நிறுத்திவிடாதீர்கள். இதற்கு ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் உள்நோக்குப் பரிசோதனையும் உண்டு. கோதுமை சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனை சரியாகச் சொல்லும். முதலில் பரிசோதனை, அப்புறம்தான் பத்தியம்.

நோய் உறுதியானவர்கள் வீட்டில் மூன்று இடத்தில் கோதுமை திருட்டுத்தனமாக நுழையும்.

ஒன்று, கூட்டுப் பெருங்காயம். கடையில் விற்கும் தூள், கட்டி இரண்டிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். இரண்டு, சோயா சாஸ். அதிலும் கோதுமை உண்டு. மூன்று, மாவு மில். உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்தவர் மாவு இயந்திரத்திலேயே இருக்கும். அதே வாயில்தான் உங்கள் கேழ்வரகும் போகிறது. இவர்களுக்கு மாவு வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்வதே பத்திரம்.

முதல் நாள் கறி... சித்தர் என்ன சொன்னார்?

"சித்த வைத்தியர் ஆகிக்கிட்டு மிச்சக் கறி சாப்பிடச் சொல்றீங்களே!" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேரையர் பேரில் வழங்கும் நோயணுகா விதியில், முந்தின நாள் சமைத்ததை, அது எத்தனை உயர்ந்த உணவாக இருந்தாலும் தொடக் கூடாது என்ற கருத்து வருகிறது. கல்லூரியில் நாங்கள் எல்லோரும் படித்த பாடம் அது.

அந்த விதியை மீறச் சொல்ல நான் வரவில்லை. அதற்கு உட்பட்டே செய்யலாம். மதியம் மீந்த கறியை அன்று சாயங்காலமே கொழுக்கட்டை ஆக்கிவிடுங்கள். பொழுது மாறவில்லை, விதியும் கெடவில்லை!

ஆனால் மதியம் முதல் சாயங்காலம் வரை சட்டி அடுப்பு மேடையில் சும்மா இருக்கக் கூடாது. காரணம் இருக்கிறது. கறிக் குழம்பில் வளரும் சில கிருமிகள் கொதியிலும் சாகாமல், விதை போல ஒடுங்கிக் கிடக்கும். குழம்பு மெதுவாக ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும் முளைத்துப் பல்கிப் பெருகும். வேறு சில கிருமிகள் நஞ்சைக் கக்கிவிடும். அதன் பிறகு எத்தனை தடவை கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. "நல்லா சுட வச்சுட்டேன், ஒண்ணும் ஆகாது" என்பது அதனால்தான் தப்பு.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. மிஞ்சும் என்று தெரிந்தால் பரிமாறும் முன்பே தனியாக எடுத்து வையுங்கள். எச்சில் கரண்டி பட்டது வேண்டாம்.

2. துண்டுகளை அகலமான தட்டில் பரப்பி ஆற விடுங்கள். ஆழமான சட்டியில் நடுப்பகுதி ஆறவே ஆறாது. நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

3. பெட்டியின் குளிர் 5 டிகிரிக்குள் இருக்கட்டும். பல மணி நேரம் மின்சாரம் போயிருந்தால் அந்தக் கறியை நம்பாதீர்கள்.

4. எடுத்த பிறகு ஆவி பறக்க, உள்வரை சூடாக்க வேண்டும். அதுவும் ஒரே ஒரு தடவை. மீந்ததில் மீந்தது குப்பைக்குத்தான்.

5. கல்யாண வீட்டுப் பிரியாணிப் பொட்டலம், வெகு நேரம் வண்டியில் வந்த ஓட்டல் கறி – இவை வேண்டவே வேண்டாம். எப்போது சமைத்தது என்று தெரியாத கறியில் எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பூரணம்

தேவை: எலும்பு நீக்கிய மீந்த கறி 200 கிராம், சின்ன வெங்காயம் 10, இஞ்சி ஒரு துண்டு, பூண்டு 4 பல், பச்சை மிளகாய் 1, மிளகு அரை தேக்கரண்டி, சீரகம் அரை தேக்கரண்டி, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா கொஞ்சம், எண்ணெய் 2 தேக்கரண்டி.

குளிர்ந்த கறியின் மேல் வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருக்கும். அதை வழித்து எடுத்துவிடுங்கள். துண்டுகளைக் கையால் நார் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் போட்டால் விழுதாகிவிடும், ருசி போய்விடும். எண்ணெயில் சீரகம், கறிவேப்பிலை தாளித்து வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகாய் வதக்குங்கள். மஞ்சள், கறி சேர்த்து, ஆவி நன்றாகக் கிளம்பி ஈரம் முழுக்க வற்றும் வரை கிளறுங்கள். குழம்புக் கறியானால் இரண்டு கரண்டிக் குழம்பும் விட்டுச் சுண்ட வைக்கலாம். கடைசியில் மிளகுத் தூளும் இலைகளும்.

உப்பை மட்டும் முதலில் போடாதீர்கள். கறியில் ஏற்கெனவே உப்பும் காரமும் இருக்கிறது. சுண்டும்போது இன்னும் ஏறும். கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். உருளைக்கிழங்கு வேண்டாம். சமோசாக் கடையில் அளவு பெருக்க அதைப் போடுவார்கள். நமக்கு அது கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்த கதை!

மஞ்சள், மிளகு, சீரகம், பூண்டு, சுக்கு, ஏலம், வெந்தயம், பெருங்காயம் – இந்த எட்டும் வாதம், பித்தம், கபம் மூன்றையும் சமன் செய்பவை என்று சித்த மருத்துவம் சொல்லும். இவற்றில் நான்கு நம் பூரணத்தில் இருக்கின்றன. அசைவம் சமைக்கும்போது நம் பாட்டிமார் இவற்றை விடாமல் போட்டது அதற்காகத்தான்.

மேல்மாவு 1: நிலக்கடலைக் கொழுக்கட்டை (சர்க்கரை உள்ளவர்களுக்கு)

தேவை: வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 100 கிராம், கடலை மாவு 50 கிராம், இசப்கோல் உமி 2 மேஜைக்கரண்டி, முட்டை 1, உப்பு, வெந்நீர் 4 மேஜைக்கரண்டி அளவு.

நிலக்கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கடலை மாவை வெறும் சட்டியில் பச்சை வாசனை போக இரண்டு நிமிஷம் புரட்டுங்கள். நன்றாக ஆறியதும் நிலக்கடலையோடு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். தனியாக, ஒரேயடியாக அரைத்தால் எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும்.

இசப்கோல் உமி எதற்கு என்கிறீர்களா? கோதுமையில் பசை இருப்பதால்தான் அந்த மாவு இழுத்தால் வருகிறது, மடித்தால் உடைவதில்லை. பசை இல்லாத மாவு பிளந்துகொள்ளும். அந்தப் பசையின் வேலையை இங்கே உமி செய்கிறது. மலச்சிக்கலுக்கு மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதேதான்.

மாவில் உமி, உப்பு கலந்து, அடித்த முட்டை ஊற்றி, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து 15 நிமிஷம் மூடி வையுங்கள். உமி நீரைக் குடித்து மாவு இறுகும். எட்டு உருண்டையாக்குங்கள். எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டில் ஓர் உருண்டையை வைத்து உள்ளங்கை அகலம் தட்டுங்கள். நடுவில் பூரணம் வைத்து, இலையோடு சேர்த்து மடித்து, ஓரத்தை விரலால் அழுத்துங்கள். எங்காவது விரிசல் விட்டால் விரலை நனைத்துத் தடவினால் கூடிவிடும்.

இட்லிப் பானையில் 12 நிமிஷம் ஆவியில் வேக விடுங்கள். பிறகு தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் பொன்னிறமாக வாட்டுங்கள். வெளியே மொறுமொறு, உள்ளே கறி! ஒன்றில் மாவுச்சத்து சுமார் 7 கிராம். இரண்டு சாப்பிட்டால் 14. ஒரு மைதா பப்ஸில் பாதிகூட இல்லை. நிலக்கடலையில் கொழுப்பும் கலோரியும் உண்டு என்பதால் இரண்டோடு நிறுத்துங்கள். கூடவே புதினாத் துவையல், வெள்ளரிக்காய். தக்காளி சாஸ் வேண்டாம், அதில் சர்க்கரை இருக்கிறது.

மேல்மாவு 2: முட்டைகோஸ் இலைச் சுருள் (நிலக்கடலை ஆகாதவர்களுக்கு)

முட்டைகோஸின் பெரிய இலைகளை உடையாமல் எடுத்து, நடுத் தண்டைச் சீவி, உப்புப் போட்ட கொதிநீரில் மூன்று நிமிஷம் முக்கி எடுங்கள். இலை துவண்டு வளையும். பூரணத்தில் ஒரு முட்டையை அடித்துக் கலந்து, இலையில் வைத்து, இரு ஓரத்தையும் உள்ளே மடித்துச் சுருட்டி, 10 நிமிஷம் ஆவியில் வையுங்கள். மாவே கிடையாது. பல் இல்லாத பெரியவர்களும் சாப்பிடலாம்.

மேல்மாவு 3: பச்சரிசிக் கொழுக்கட்டை (கோதுமை மட்டும் ஆகாத பிள்ளைகளுக்கு)

வளரும் பிள்ளைக்கு மாவுச்சத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் அரைத்த பச்சரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் கிளறி, நாம் வழக்கமாகச் செய்யும் கொழுக்கட்டைச் சொப்பில் இந்தப் பூரணத்தை வைத்து அவித்தால் போதும். கறியும் அரிசி மாவுக் கொழுக்கட்டையும் நமக்குப் புதிய உறவு இல்லை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் தக்கடி என்று கறிக்குழம்பிலேயே மாவு உருண்டைகளை வேக வைப்பார்கள். யாழ்ப்பாணத்தார் பற்றிஸ், ரோல்ஸ் என்று கறியை உள்ளே வைத்துச் செய்வதும் இதே குடும்பம்தான், மாவு மட்டும் மைதா. நாம் மாவை மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஒரே பூரணம், மூன்று மேலுறை. அப்பாவுக்குச் சர்க்கரை, பிள்ளைக்குக் கோதுமை ஆகாது, பாட்டிக்குப் பல் இல்லை என்றாலும் ஒரே சட்டியில் வதக்கி மூவருக்கும் கொடுத்துவிடலாம்.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் இதை மட்டும் சாப்பிட்டுவிட்டு வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். ஆபத்து! மாவைக் குறைக்கும் முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரி செய்துகொள்ளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவும் கூடாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குபவர்கள் கறியின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள வீட்டில் இரண்டாவது வகை மட்டுமே. இசப்கோல் சேர்த்ததைச் சாப்பிட்டால் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

நீங்கள் கேட்கக்கூடியவை

கோழிக் கறியில் செய்யலாமா? தாராளமாக. ஆனால் கடையில் வாங்கிய பொரித்த கோழி வேண்டாம். மேல் பூச்சில் மைதா இருக்கும்.

மீன்? முள் எடுத்த வறுத்த மீனில் நன்றாக வரும். அன்றன்றே முடித்துவிடுங்கள்.

எண்ணெயில் பொரிக்கலாமா? நிலக்கடலை மாவு எண்ணெயைக் குடிக்கும். ஆவியில் வேக வைத்து வாட்டுவதே நல்லது.

திங்கட்கிழமை டிபன் டப்பாவில் கொடுத்தனுப்பலாமா? வேண்டாம். காலையில் கட்டிய கறிப் பலகாரம் மதியம் வரை வெக்கையில் கிடக்கும். சாயங்காலம் வீட்டிலேயே சுடச்சுடச் சாப்பிட்டு முடியுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கறி மிஞ்சினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அப்புறம் வீட்டில் யாருக்கு என்ன ஆகாது என்று பாருங்கள். மேல்மாவு எது என்பதை அதுவே சொல்லிவிடும். செய்து பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தத்தைச் சோதித்துக் குறித்து வையுங்கள். பழைய பப்ஸ் நாளில் எடுத்த கணக்கு இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.